வேலை முடித்த குதிரையைக் கழுவுவது: திருகோணமலை வெயிலுக்கும் மாரிக்கும் ஏற்ற முறை

குதிரை ஓடிவிட்டு வந்து சற்று நேரம் நின்றால், சேணம் இருந்த இடத்திலும் வயிற்றுப் பட்டி இறுகியிருந்த இடத்திலும் வெள்ளையாக ஏதோ பூத்துக் கிடக்கும். தடவிப் பார்த்தால் கையில் நறநறக்கும். புதிதாக வருபவர்கள் அதைப் புழுதி என்று நினைத்துத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது வியர்வை காய்ந்து படிந்த உப்பு. நம்முடைய வியர்வையில் இரத்தத்தில் இருப்பதைவிட உப்புக் குறைவு. குதிரையின் வியர்வையில் அதிகம். கடும் வெயிலில் நன்றாக வேலை செய்யும் பெரிய குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லீட்டர் வரைகூட வியர்வை சிந்தும். அந்த உப்பில் எவ்வளவு தோலிலேயே தங்கும் என்று யோசித்துப் பாருங்கள். மறுநாள் அதன்மேலேயே சேணத்தைப் போட்டு இறுக்கினால் உப்பும் மணலும் சேர்ந்து தோலை அராவும். முதலில் முடி மங்கும், பிறகு உதிரும், கடைசியில் புண் வரும்.

குதிரையின் முடியைக் கெடுப்பவை அதன் உடம்பில் மிஞ்சிவிடும் மூன்று பொருள்கள்: உப்பு, சவர்க்காரம், ஈரம். கழுவத் தொடங்குபவர்கள் முதலாவதைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள். உப்பைப் போக்கச் சவர்க்காரம் போட்டு, சவர்க்காரத்தைப் போக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அந்த ஈரத்தோடு குதிரையைக் கொட்டிலில் கட்டிவிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அப்படிக் கட்டுவதைவிடக் கழுவாமலே விட்டிருக்கலாம்.

யாழ்ப்பாணக் கடலில் உள்ள நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளை யாரும் கழுவுவதில்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். அவை தாமாக மேய்ந்து, மண்ணில் புரண்டு, மழையில் நனைந்து, காற்றில் காய்ந்து வாழ்கின்றன. ஆனால் அவற்றின் முதுகில் சேணம் இல்லை, வயிற்றில் பட்டி இல்லை, யாரும் ஏறி ஓட்டுவதும் இல்லை. நாம் வேலை வாங்கும் குதிரைக்கு அந்த வேலையின் மிச்சத்தை நாமே எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி முதலில்

உப்புவெளி, நிலாவெளி என்று கரையோரமாகப் போகப் போகப் பல கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும், கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் காலத்தில் இன்னும் கூடும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றினால், காய்ந்ததும் அதே வெள்ளைப் பூச்சு திரும்பி வந்துவிடும். கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அதை முதற்சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு இரண்டு வாளி நல்ல தண்ணீர் தனியாக ஒதுக்கி வையுங்கள். கந்தளாய்ப் பக்கமிருந்து குழாயில் வரும் தண்ணீர் கிடைக்கிற வீடுகளில் இந்தக் கவலை இல்லை, ஆனால் அது குடிக்கிற தண்ணீர், அளந்துதான் செலவழிக்க வேண்டும். கை பழகிய பிறகு ஒரு மட்டக் குதிரையின் தினசரி அலசலுக்கு நான்கு வாளி போதும். உடல் சூட்டைத் தணிக்க வேண்டிய நாளில் கணக்குப் பார்க்காதீர்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். இரண்டு வாளி, முடிந்தால் ஒரு தண்ணீர்க் குழாய். இரண்டு கடற்பஞ்சு, ஒன்று முகத்துக்கு, மற்றது வாலின் கீழ்ப் பகுதிக்கு. நிறத்தால் வேறுபடுத்தி வைத்தால் மாறிப்போகாது. வட்டமாகத் தேய்க்க ஒரு ரப்பர் தேய்ப்பான், நீரை வழித்தெடுக்க ஒரு வழிப்பான், குளம்பு சுரண்டும் கொக்கி, உடல் வெப்பமானி, இரண்டு பழைய துவாய். வழிப்பான் கிடைக்காவிட்டால் கையின் ஓரத்தை வைத்தே வழிக்கலாம், நேரம்தான் கொஞ்சம் கூடும். பொச்சும் தும்பும் பாத்திரத்துக்கு நல்லவை, குதிரையின் தோலுக்கு முரடு. அவற்றைக் கால் குளம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதற்படி: நடக்க விடுங்கள்

ஓடி வந்த குதிரையை உடனே நிறுத்தி வைக்கக் கூடாது. கடைசிப் பத்து நிமிடத்தை மெதுநடையாகவே முடியுங்கள். இறங்கியதும் வயிற்றுப் பட்டியை ஓரிரு துளை தளர்த்திவிட்டு நிழலில் இன்னும் கொஞ்சம் நடத்துங்கள். தசைகளில் சேர்ந்த சூட்டை இரத்தம் தோலுக்குக் கொண்டுவந்து வெளியேற்ற அந்த நடை உதவுகிறது.

சாதாரண வேலை செய்த நாளுக்கான முறை இது. குதிரை தலையைத் தொங்கப் போட்டு, மூக்குத் துவாரம் விரிய வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் நடைக்காகக் காத்திருக்க வேண்டாம். சேணத்தைக் கழற்றி நேரே தண்ணீருக்குக் கொண்டுபோங்கள்.

சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். வியர்வை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருக்க வேண்டும். சுற்றிலும் நனைந்து நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால், சேணம் அந்த இடத்தில் அழுத்துகிறது என்று சந்தேகப்படுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு அந்தத் தடயம் தெரியாது. வயிற்றுப் பட்டி பட்ட இடம், முன்னங்காலுக்குப் பின்னால் தோல் மடியும் இடம், காதுக்குப் பின்னால் கடிவாளப் பட்டி போகும் இடம் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். வீக்கமோ வெப்பமோ தோலுரிவோ இருந்தால் கழுவும்போது அங்கே தேய்க்காமல் நீரை மட்டும் ஓட விடுங்கள்.

தொடைகளுக்கு இடையிலும் கழுத்தில் கடிவாள வார் உரசும் இடத்திலும் வெள்ளை நுரை இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். குதிரையின் வியர்வையில் ஒருவகைப் புரதம் இருக்கிறது. அடர்ந்த முடிக்குள் வியர்வை பரவ அதுதான் உதவுகிறது. உரசல் படும் இடத்தில் அது நுரைக்கும். வியர்க்க வேண்டிய நாளில் குதிரை வியர்க்காமல் இருப்பதுதான் பயப்பட வேண்டிய சங்கதி. வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வை சுரப்பதே குறைந்து நின்றுவிடும். நல்ல வெயிலில் ஓடி வந்தும் முடி காய்ந்திருந்து, மூச்சு மட்டும் வேகமாக இருந்தால் அன்றோடு வேலையை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் படி: கட்டுவதும் நிற்பதும்

வழுக்காத தரை வேண்டும். பாசி பிடித்த சீமெந்துத் தரையில் லாடம் அடித்த குதிரை வழுக்கி விழுந்தால் காலே போய்விடும். சல்லி பரப்பிய இடமோ, தண்ணீர் வடிந்து ஓடும் மணல் தரையோ நல்லது. கடிவாளத்தால் ஒருபோதும் கட்டாதீர்கள், மிரண்டு பின்னால் இழுத்தால் வாய் கிழியும். தலைக்கயிற்றைப் போட்டு, குதிரையின் தோள் உயரத்திலோ அதற்கு மேலோ, இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். கயிறு நீளமாகத் தொங்கினால் காலில் மாட்டும். புதுக் குதிரையாக இருந்தால் கட்டாமல் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் கழுவுவதுதான் பாதுகாப்பு. பிடிப்பவரும் கழுவுபவரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும்.

நீங்கள் நிற்கும் இடம் தோளுக்குப் பக்கம். பின்னால் போக வேண்டுமானால் முதுகில் கையை வைத்தபடியே, உடம்போடு ஒட்டி நகருங்கள். காலைக் கழுவ முழந்தாளிட்டு உட்காராதீர்கள். குந்தியிருங்கள், எழுந்து விலக ஒரு நொடி போதும்.

மூன்றாம் படி: தண்ணீர்

வெயிலில் கிடந்த குழாயைத் திறந்தவுடன் வரும் முதல் தண்ணீர் கன்னியா வெந்நீர் ஊற்றைவிடச் சூடாக இருக்கும். அதைக் குதிரையின் மேல் விட்டால் தோல் எரியும், அதன் பிறகு குழாயைக் கண்டாலே அது மிரளும். தரையில் ஓட விட்டு, உங்கள் முன்கையில் பிடித்துப் பார்த்து, குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். வெயிலில் வைத்த கறுப்புத் தாங்கியில் இருந்து வரும் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை.

முன்னங்காலின் குளம்பில் தொடங்குங்கள். குளம்பு, கணுக்கால், முழந்தாள், பிறகு தோள் என்று மேலே ஏறுங்கள். ஒரு பக்கம் முழுக்க முடிந்த பின் மற்றப் பக்கம். எடுத்த எடுப்பில் முதுகில் ஊற்றினால் அமைதியான குதிரையும் துள்ளும். வேகமாகப் பீச்சியடிக்காதீர்கள், தண்ணீர் வழிய வேண்டும், குத்தக் கூடாது. கழுத்தின் கீழ்ப்பக்கம், நெஞ்சு, முன்னங்கால்களுக்கு நடுவே, வயிறு, பின்தொடைகளின் உட்பக்கம், இங்கெல்லாம் பெரிய இரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடுகின்றன. சூடு சீக்கிரம் இறங்குவதும் அங்கேதான், உப்பு அதிகம் தங்குவதும் அங்கேதான். ஆகவே நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

"வேர்த்த உடம்பில் தண்ணி வார்க்காதீங்கோ, பிடிச்சுக்கொள்ளும்" என்று ஊரில் வயதானவர்கள் சொல்வார்கள். குளிர்ந்த நாடுகளிலும் இதே நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. சூடான தசையில் குளிர்ந்த நீர் பட்டால் தசை இறுகிவிடும் என்று பயந்தார்கள். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி, வெப்பமான ஈரக் காற்றில் குதிரைகளை எப்படிக் குளிர்விப்பது என்று விரிவாக ஆராய்ந்தார்கள். உடல் முழுக்கக் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து வார்ப்பது தீங்கு செய்யாது, சூட்டை வேகமாக இறக்கும் என்பது அதில் தெளிவானது. எங்கள் ஊருக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தும். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை பகல் வெப்பம் 33, 34 பாகை செல்சியஸ் என்று நிற்கிறது, கடற்காற்றின் ஈரமும் சேர்கிறது. அப்படிப்பட்ட காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், வழிந்தோடும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அந்த வேலையை நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் செய்ய வேண்டும்.

குதிரைக்காரர்களிடையே ஒரு எளிய கணக்கு உண்டு. காற்றின் வெப்பத்தைப் பரனைட்டில் எடுத்து, ஈரப்பதன் வீதத்தை அதோடு கூட்டுங்கள். 130க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 150ஐத் தாண்டினால் குதிரை தானாகக் குளிர்வது கடினம். 180ஐ நெருங்கினால் வேலையே வாங்கக் கூடாது. 34 பாகை செல்சியஸ் என்பது ஏறத்தாழ 93 பரனைட். ஈரப்பதன் 65 வீதம் என்றால் கூட்டுத்தொகை 158. நம்முடைய சாதாரண மத்தியானமே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. விடியற்காலையில் வேலையை முடித்து, வெயில் ஏறுமுன் கழுவிவிடச் சொல்வது இதனால்தான்.

சூடு இறங்கியதா என்பதைக் கையை வைத்து ஊகிக்காதீர்கள். விலாவின் ஏற்ற இறக்கத்தை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும்; எங்கள் வெக்கையில் சற்றுக் கூடலாம். உங்கள் குதிரையின் ஓய்வு நேர எண்ணை ஒரு காலைப் பொழுதில் எண்ணி எழுதி வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. உடல் வெப்பம் ஓய்வில் 37.2 முதல் 38.3 பாகை செல்சியஸ் வரை இருக்கும். வேலை முடிந்தவுடன் உயர்ந்திருப்பது இயல்பு, தண்ணீர் ஊற்ற ஊற்ற இறங்க வேண்டும். 40ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், நடை தள்ளாடினால், வாயின் முரசு (ஈறு) இருண்டு சிவந்திருந்தால், மிருக வைத்தியரை அழைக்கச் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். அந்த நேரத்தில் நனைந்த சாக்கையோ துவாயையோ முதுகில் போர்த்தி வைக்காதீர்கள். சில நிமிடத்தில் அந்தத் துணி சூடாகி, உடம்பின் வெப்பத்தை வெளியே விடாமல் மூடிவிடும்.

குடிக்கத் தண்ணீர் கொடுப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடிய குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்ற பழைய பேச்சைக் கேட்டு வாளியை ஒளித்து வைக்க வேண்டாம். நடந்து வந்ததும் அரை வாளி காட்டுங்கள், கழுவும்போது இன்னொரு அரை வாளி. வியர்வையோடு போன உப்பை உள்ளேயும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஓய்வு நாளிலேயே 25 கிராம் அளவு சாதாரண உப்பு தேவைப்படுகிறது. மட்டக் குதிரைக்கு எடைக்கேற்பக் குறைத்து, தீனியில் கலந்து கொடுங்கள். வியர்த்த நாளில் எவ்வளவு கூட்டுவது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உப்பு வைக்கும் இடத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும்.

நான்காம் படி: சவர்க்காரம், அரிதாக

தினமும் கழுவும் குதிரைக்குத் தினமும் சவர்க்காரம் தேவையில்லை, அது கெடுதல். முடியில் தெரியும் பளபளப்பு, தோல் சுரக்கும் எண்ணெயால் வருவது. அந்த எண்ணெய்தான் மழைநீரை வழியவிட்டுத் தோலைக் காக்கிறது. சவர்க்காரம் அழுக்கோடு அதையும் கரைத்துக்கொண்டு போகும். வியர்வை உப்பு வெறும் தண்ணீரிலேயே கரையக்கூடியது. ஆகவே வேலை நாட்களில் தண்ணீர் மட்டும் போதும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சேறோ எண்ணெய்ப் பிசுக்கோ பிடித்திருந்தால் மட்டும், குதிரைக்கென்று விற்கும் ஷாம்புவைப் பயன்படுத்துங்கள். பாத்திரம் கழுவும் திரவம் மிகக் கடுமையானது. நமது ஷாம்புவும் ஏற்றதல்ல, மனிதத் தோல் சற்றே அமிலத்தன்மை உள்ளது, குதிரையின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையானது. தரை கழுவும் கிருமிநாசினியை வாளியில் கலப்பதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ஷாம்புவை நேரே முதுகில் கொட்டாமல் வாளித் தண்ணீரில் கலந்து, ரப்பர் தேய்ப்பானால் வட்டவட்டமாகத் தேய்த்து ஏறுங்கள். எலும்பு துருத்தும் இடங்களில் கை மெதுவாகப் போக வேண்டும். பிறகு அலசுங்கள். நுரை நின்றுவிட்டதே என்று நிறுத்தாதீர்கள், வழியும் நீரைக் கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுவழுப்பு இருந்தால் இன்னும் இருக்கிறது. பிடரியின் அடியும் வாலின் அடியும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள். அங்கே மிஞ்சிய சவர்க்காரம் அரிக்கும், குதிரை மரத்தில் தேய்க்கும், தேய்த்துத் தேய்த்து வாலின் மேற்பகுதி மொட்டையாகும். பூச்சிக்கடி என்று பலர் நினைப்பது சில வேளைகளில் இதுதான்.

முகத்துக்குக் குழாய் வேண்டாம். பஞ்சை நனைத்துப் பிழிந்து, கண்ணைச் சுற்றி, மூக்கைச் சுற்றி, நெற்றி, காதுக்குப் பின்னால் என்று துடைத்தெடுங்கள். கடிவாளப் பட்டியின் கீழ் இருந்த வியர்வைக் கோடு முழுதும் போக வேண்டும். காதுக்குள் தண்ணீர் போனால் அடுத்த தடவை தலையையே தொடவிடாது. வாலை ஒரு பக்கமாக நின்று பிடித்து, வாளிக்குள் அமிழ்த்தி அலசினால் வேலை சுலபம். வால் முடியைச் சீப்பால் இழுக்காமல் விரலால் சிக்கெடுங்கள், ஒடிந்த வால் முடி திரும்ப நீள வருடக்கணக்காகும்.

தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. வால் நுனியிலும் பிடரியிலும் சிக்கெடுக்க ஒரு துளி பூசலாம். உடம்பில் பூசினால் புழுதியும் மணலும் ஒட்டும், சேணம் வழுக்கும். பளபளப்பு வேண்டுமென்றால் காய்ந்த உடம்பைத் தினமும் தேய்த்துவிடுவதைப் போல் பலன் தருவது வேறில்லை.

கடலில் இறக்குவது

சித்திரையிலிருந்து புரட்டாதி வரை எங்கள் பக்கத்துக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். குதிரையைக் கரையோரத்தில் முழந்தாளளவு தண்ணீரில் நடத்துவது கால்களுக்கு இதமானது. ஆனால் அது கழுவல் ஆகாது. கடல்நீரிலிருந்து வெளியே வந்த குதிரைக்கு வியர்வை உப்போடு கடலுப்பும் சேர்ந்திருக்கிறது, அடிவயிற்றிலும் கணுக்கால் மடிப்பிலும் மணலும் ஏறியிருக்கிறது. வீட்டுக்கு வந்து ஆறுதலாகக் கழுவலாம் என்று விட்டால் வழியிலேயே காய்ந்துவிடும். நன்னீர் கிடைக்கும் இடத்துக்கு உடனே கொண்டுபோங்கள். கணுக்காலின் பின்புறப் பள்ளத்தையும் குளம்பின் அடியையும் தனியாக அலசிக் கொக்கியால் சுரண்டுங்கள். இறங்குமுன் கரையில் குடிக்க நல்ல தண்ணீர் காட்டுங்கள், தாகத்தோடு போனால் கடல்நீரைக் குடிக்கப் பார்க்கும், அது ஆபத்து. வாடைக் காற்றுத் தொடங்கியதும் கடலை மறந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: உலர்த்துவது

அலசி முடித்ததும் வழிப்பானை எடுத்து, முடி படுத்திருக்கும் திசையிலேயே கழுத்திலிருந்து பின்னோக்கி, முதுகிலிருந்து வயிறு நோக்கி நீரை வழித்தெடுங்கள். கால்களில் எலும்பு தோலை ஒட்டியே இருப்பதால் அங்கே வழிப்பான் வேண்டாம், கையால் வழியுங்கள். உடம்பு இன்னும் சூடாக இருந்தால் வழிப்பதை அவசரப்படுத்த வேண்டாம், மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். சூடு முழுதும் இறங்கிய பிறகுதான் வழித்தெடுக்கும் வேலை.

அப்புறம் துவாய். கணுக்காலின் பின்பக்கம், குளம்புக்கு மேலே தோல் தொடங்கும் விளிம்பு, முன்னங்காலின் அக்குள், வாலின் கீழ்ப் பகுதி, இவற்றை ஒற்றியெடுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்கிறவர்களின் குதிரைக்கும் செய்யாதவர்களின் குதிரைக்கும் மாரி முடியும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு காற்றோட்டமான நிழலில் நடத்துங்கள் அல்லது நிற்க விடுங்கள். வேப்பமரத்து நிழல் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரை மணிக்குள் முடி காய்ந்துவிடும். ஐப்பசியிலிருந்து தை வரை நிலைமை வேறு. காற்றே ஈரமாக இருக்கும், மத்தியானம் கழுவிய குதிரை பின்னேரம் வரை நனைந்தபடி நிற்கும். அந்த மாதங்களில் உடம்பு முழுக்க நனைக்காதீர்கள். சேணம் இருந்த இடம், பட்டி இருந்த இடம், தொடை நடு ஆகிய மூன்றையும் பஞ்சால் துடைத்தெடுத்து, மற்ற இடத்தைக் காய்ந்ததும் தூரிகையால் தேய்த்தால் போதும். குளம்புக்கும் அதுதான் நல்லது, நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வரும் குளம்பில் வெடிப்பு விழும். சேற்றுக் கால்களோடு வந்தால் ஒன்று முழுதாகக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள், இல்லையென்றால் சேறு காயும்வரை விட்டுப் பின் தட்டி எடுங்கள். பாதி கழுவி ஈரத்தோடு விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

கழுவி விட்டதும் குதிரை நேரே போய் மணலில் புரளும். கோபம் வரும், ஆனால் தடுக்க வேண்டாம். அதற்கு அது சுகம், முதுகைத் தானே சொறிந்துகொள்ளும் வழியும் அதுதான். சாணமும் முள்ளும் இல்லாத உலர்ந்த மணல் திட்டு ஒன்றை அதற்கென்று விட்டுவிடுங்கள். அடுத்த நாள் சேணம் போடுமுன் முதுகையும் வயிற்றையும் நன்றாகத் தேய்த்து, ஒரு மணல் துகளும் இல்லாமல் எடுத்துவிட்டால் சரி.

தோலில் கவனிக்க வேண்டியவை

கழுவும் நேரம்தான் உடம்பு முழுவதையும் கையால் தொட்டுப் பார்க்கும் நேரம். மாரியில் முதுகிலும் பிட்டத்திலும் சிறு சிறு பொருக்குகள் தென்படலாம். ஒன்றை இலேசாகத் தூக்கினால் ஒரு கொத்து முடியோடு வரும், அடியில் தோல் சிவந்திருக்கும். ஈரம் நிலைத்த தோலில் பெருகும் ஒரு பக்டீரியாவால் வருவது இது. பொருக்குகளைப் பலவந்தமாகப் பிய்த்தால் வலியில் உதைக்கும். குதிரையை ஈரத்திலிருந்து காத்து, மிருக வைத்தியர் சொல்லும் மருந்து நீரால் கழுவ வேண்டும். பெரும்பாலும் குளோரெக்சிடீன் கலந்த கழுவலைச் சொல்வார்கள். அதைச் சொன்ன நேரம்வரை தோலில் ஊறவிட்டுத்தான் அலச வேண்டும். கணுக்காலின் பின்புறத்தில் வெடிப்பும் கசிவும் கண்டால் அதுவும் ஈரத்தோடு தொடர்புடையதுதான், காலும் வீங்கியிருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

பிடரியையும் வாலடியையும் இரத்தம் வரத் தேய்க்கிற குதிரைக்குப் பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னக் கொசுகுகளின் கடி ஒவ்வாமையாக இருக்கும். அவை விடியலிலும் அந்தியிலும் அதிகம். அந்த நேரத்தில் ஈர உடம்போடு தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் கட்டி வைக்காதீர்கள். கழுவும் இடத்துத் தண்ணீர் குட்டையாகத் தேங்காமல் வடிந்தோட ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். ஆறவைத்த வேப்பிலைத் தண்ணீரால் துடைத்துவிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அதை விடச் சொல்லமாட்டேன், ஆனால் புண் இருக்கும்போது வேப்பிலையை நம்பி வைத்தியரிடம் போகாமல் இருக்கக் கூடாது. மூக்கு வெளுத்த குதிரைகளின் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் வெந்துபோகும், கழுவியபின் நிழல் அவற்றுக்குக் கட்டாயம்.

வட்டவட்டமாக முடி உதிர்ந்து செதிலாகத் தெரிந்தால் அது படையாக இருக்கலாம். ஒரு குதிரையிலிருந்து மற்றதற்கும், குதிரையிலிருந்து நமக்கும் தொற்றும். அந்தக் குதிரைக்கு வாளி, பஞ்சு, தூரிகை, சேணத்தின் கீழ் விரிக்கும் துணி எல்லாம் தனி. கடைசியாக அதைக் கழுவி, பிறகு உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

கடைசியாக, சாமான்கள். உப்பேறிய வயிற்றுப் பட்டியையும் சேணத்துணியையும் அப்படியே கொடியில் போட்டால் அடுத்த நாள் அட்டை போல விறைத்திருக்கும். கழுவிய குதிரைக்கு அதைத்தான் மறுபடி கட்டப் போகிறோம். துணிப் பட்டியை ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் நன்னீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள், தோல் பட்டியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பஞ்சையும் தூரிகையையும் வாளிக்குள் ஈரமாக விட்டு மூடி வைக்காமல், தலைகீழாக வெயிலில் வையுங்கள். சேணத்துணி இரண்டு இருந்தால் ஒன்று காயும்போது மற்றது வேலைக்கு ஆகும். மாரிக்கு மூன்றாவதாகவும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.